பாயை எந்தக் கடலுக்கு விரிப்பது

பேசாலையில் அன்ரோனெற்றின் வீட்டுக்கு நான் போகத் தொடங்கியது, அவளுடைய மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு. கிழவியைக் குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் என் வேலை. நான் இல்லாத நேரங்களில் அன்ரோனெற் தூக்குவாள். முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே என்று சொன்னேன். கேட்கவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. சித்த வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் டொக்டர் எண்ணெயும் கொடுத்து, யோகாசனமும் பழக்கிவிட்டார்.

முதுகு நோ போனதும் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. விடியப்புறம் முற்றத்தில் பாயை விரித்து, மூச்சை இழுக்கும்போது மனதுக்குள் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி, விடும்போது முடிப்பாள். பங்குச் சுவாமியிடமும் கேட்டிருக்கிறாள். "செபம்தானே பிள்ளை. முழங்காலில நிண்டால் என்ன, குனிஞ்சு நிண்டால் என்ன" என்று சொல்லிவிட்டாராம்.

சூரியனைப் பார்த்து நிற்கச் சொன்னார் டொக்டர். இவள் கடலைப் பார்த்து நின்றாள். "கடல்தானே அக்கா சோறு போடுது" என்பாள்.

எங்கள் மன்னார்த் தீவு ஒடுங்கி நீண்டது; வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடலில் மீன்பிடித் தொழில் நடக்கும். வாடைக் காற்று விழுந்தால் வடகடல் பொங்கும்; படகையும் வலையையும் உழவு மெசின் பெட்டியில் ஏற்றித் தென்கரைக்குக் கொண்டுபோய் அங்கே குடிசை போடுவார்கள். காற்று மாறும் நாளை அன்ரோனெற் தன் நாளாக வைத்துக்கொண்டாள். அன்று வெறும் வயிற்றோடு நெடுநேரம் ஆசனம் செய்து, போன காலத்துக்கு நன்றி சொல்லி, பாயை மற்றக் கடல் பக்கம் திருப்புவாள்.

அது அவளோடு இருந்திருந்தால் நல்லது. சில தடவை அவள் பாயைத் திருப்பிய கையோடு காற்றும் மாறி நிலைத்துவிட்டது. அவளுடைய கணவர் அருளப்புவின் தம்பி கிறிஸ்ரி இதைக் கண்டு கரை முழுக்கச் சொன்னான். அதற்குப் பிறகு படகு மாற்ற நினைப்பவர்கள் வேலிக்கு மேலால் பாயைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

போன ஐப்பசியில் காற்றுக்கே ஒன்றும் விளங்கவில்லை. காலையில் தெற்கிலிருந்து வந்தது, மத்தியானம் நின்றது, பின்னேரம் வடக்கிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிழையான கரையில் மாட்டிக்கொண்டால் தொழில் படுத்துவிடும். கிறிஸ்ரி வேலியடியில் வந்து நின்றான்.

"மச்சாள், பாய் இன்னும் வடக்கால கிடக்கு. போறதோ, நிக்கிறதோ?"

"எனக்கென்ன தெரியும்? நான் செபம் சொல்லுறன்."

"செபத்தைச் சொல்லுங்கோ. பாயை மட்டும் ஒருக்கா யோசிச்சுத் திருப்புங்கோ."

தென்கரையில் காற்றாலைகள் நிற்கின்றனவே, காற்று வரும் பக்கம் அவை முகத்தைத் திருப்பும், அதைப் போய்ப் பார் என்றேன் நான்.

"அது கரண்டுக்குத் திரும்புது அன்ரி. இது கடவுளுக்கெல்லோ."

அவன் போன பிறகு அன்ரோனெற் பாயிலேயே குந்தியிருந்தாள். "அக்கா, முந்தி காத்து மாறினால் உடம்பு சொல்லும். மூச்சு வேற மாதிரி இறங்கும். இப்ப மூச்சை இழுத்தால் வேலியில நிக்கிறவங்கட முகம்தான் வருது. திருப்பினால் அவங்களுக்காகத் திருப்பின மாதிரி. திருப்பாமல் விட்டால் அவங்களுக்குப் பயந்த மாதிரி. இதில எது என்ர செபம்?"

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். சீராகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பாயை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முற்றம் வெறுமையாகக் கிடப்பதைக் கண்ட கிறிஸ்ரி கரைக்கு ஓடினான். நான் கிழவிக்குக் கஞ்சி கொடுத்து முடிப்பதற்குள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டார்கள். புயல் வருகிறதாம். அன்று முழுக்கக் கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது.

பின்னேரம் அருளப்பு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "இஞ்சேரும், ஒரு நாள் தொழில் போச்சு. வெளியில விரிச்சால்தான் என்ன? காலம் மாறிச்சோ இல்லையோ, அதைச் சொல்லும்."

"தெரியாது எண்டு எத்தினை தரம் சொல்லுறது? எனக்குத் தெரியாது!"

அவள் போட்ட சத்தத்தில் கிழவி கண்விழித்து, "ஆர் செத்தது?" என்று கேட்டார்.

மறுநாள் விடிய அவள் தேத்தண்ணி குடிக்கவில்லை. பாயைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வேலியில் ஆட்கள் நின்றார்கள். வடக்கேயும் விரிக்கவில்லை, தெற்கேயும் விரிக்கவில்லை. வெளிச்சம் வரும் பக்கம், கிழக்கே விரித்தாள்.

கிறிஸ்ரி தலையைச் சொறிந்தான். "கிழக்கால கடல் இல்லையே மச்சாள். அங்கால என்ன கிடக்கு?"

"மன்னார் பஸ் வரும். ஏறிப் போ."

சிலர் சிரித்தார்கள். அவள் தொடங்கிவிட்டாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், மூச்சை விட்டாள். வெயில் ஏறும் வரை நின்றார்கள். ஒன்றும் பிடிபடாமல் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அருளப்பு படகைத் தென்கரைக்குக் கொண்டுபோனார். கிறிஸ்ரி வடகரையிலேயே நின்றுகொண்டான். அந்தக் கிழமை இருவருக்கும் ஒரே அளவு மீன்தான் பட்டது. எவர் செய்தது சரி என்று கரையில் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.

கிழக்கே விரித்த அன்று காலை அவள் பாயைச் சுருட்டியபோது, "இண்டைக்குத்தானோ உன்ர நாள்?" என்று கேட்டேன்.

"ஓம், இண்டைக்கே வைச்சிட்டன் அக்கா. காலம் மாறிச்சோ தெரியாது. எந்தக் காலத்துக்கு நன்றி சொன்னன் எண்டும் தெரியாது. ஆனால் வேலியில நிண்டவங்களை நான் நினைக்கேல்லை."