போளூருக்கு ஒன்றுமில்லை என்றது கம்ப்யூட்டர்

இந்த வாரப் பத்தியிலும் என் கோழிக் கிறுக்கலையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இதை டைப் செய்பவர் பாவம்! ஆனால் போன வாரம் என் கையெழுத்து தப்பித்துவிட்டது. மாட்டிக்கொண்டது நான்தான்.

கொடைக்கானலில் மேல்மலைக் காய்கறி வந்து இறங்கும் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். யாருடைய மூட்டை, எந்த ஊர் என்று நோட்டில் எழுதுவதும் என் வேலை. ஐந்து வருட நோட்டுகளை மதுரையில் யாரோ டைப் செய்து அனுப்பியிருந்தார்கள். அத்தனையையும் எங்கள் ஆபரேட்டர் ஜெசிந்தா மேடம் மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். உள்ளே ஊருக்கொரு அறை. அவர் பாஷையில் 'பார்ட்டிஷன்'. எந்த ஊரிலும் சேராதது 'மற்றவை' என்ற அறைக்குப் போய்விடுமாம்.

காலையில் ஆரம்பித்தது, மூன்று மணிக்கு முடிந்தது. ஐந்து மணிக்குள் ஊர்வாரிப் பட்டியல் தோட்டக்கலை ஆபீசுக்குப் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் விதை உருளைக்கிழங்கு அனுப்புவார்கள்.

ஸ்கிரீனில் — போளூர்: 0.

என் ஊரே மேல்மலையில் இருக்கும் இந்தப் போளூர்தான்!

மற்றவை அறையோ பிதுங்கி வழிந்தது.

"அண்ணே, இங்க வாங்க. 'ஒத்த யூக்கலி'ன்னு ஒரு ஊரு இருக்கா?"

எனக்கு வியர்த்தது. கொடைக்கானலில்... தை மாதத்தில்!

லாரி எங்கள் ஊருக்குள் வராது. சாலையோர யூக்கலிப்டஸ் மரத்தடியில் நின்றுவிடும். சுமைக்காரர்கள் நாங்கள் லாரி நிற்கும் இடத்தைத்தான் எழுதுவோம். எங்களுக்குள் அது போதும். கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது?



"அது... மரமுங்க மேடம். போளூர்க்காரங்க அங்கதான் ஏத்துவாங்க."

"அப்ப 'தண்ணித்தொட்டி'?"

"அது தொட்டிதாங்க."

தலையில் கை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு இடத்துக்கும் ஊர் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

"மறுபடி மொத்தத்தையும் ஏத்துனா அஞ்சு மணி தாண்டிருமேண்ணே. ஒவ்வொரு வரிக்கும் எந்த ரூமுன்னு தேடிப் பாத்துல்ல போடுது!"

"கீழயே ஊர்வாரியா அடுக்கிட்டு ஏத்துங்களேன் மேடம். வெரசா முடியும். மூட்டைய நாங்க அப்பிடித்தான்..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் படித்தவரிடம் மூட்டைக் கதையா?

"ஏண்ணே நிறுத்திட்டீங்க? அதத்தான் செய்யப் போறேன்."

மற்றவையை மட்டும் வெளியே எடுத்தார். ஊர்வாரியாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டையும் அதன் அறையில் அப்படியே இறக்கினார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போளூர் நிறைந்தது. பட்டியலும் போனது.

"நல்லவேளை வாயத் தெறந்தீங்க. இல்லாட்டி அந்த மரத்துக்குல்ல விதைக்கிழங்கு போயிருக்கும்!"

நமக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துக்கொள்ள படிப்பா வேண்டும்?

ஆறு நாள் வெட்கப்பட்டுவிட்டு, இன்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாள்: தை மாதம், இரண்டாவது வியாழன். ஊர்: போளூர். மரம் அல்ல.