ஆயுத பூஜைக்குப் பிறகு அடம்பிடித்த கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆய்வேடுகள் டைப் அடித்துக் கொடுத்து வந்தேன். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டது. கிழடுதான், ஆனாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த வருடம் தசரா முடிந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டது. சுவிட்சைப் போட்டால் ஒரு சமயம் ஒழுங்காகக் கிளம்பும். இன்னொரு சமயம், ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே நிற்கும்.

அந்த டிஸ்க்கில் ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் ஆய்வேடு இருந்தது. வாரக் கடைசிக்குள் அதைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தால்தான் குண்டலுபேட்டைக் கல்லூரியில் அவளுக்குச் சொல்லி வைத்திருந்த வேலை கிடைக்கும். ப்ளாப்பியில் எடுத்து வைத்த நகல் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. கையெழுத்துப் பிரதியைப் பார்த்து மறுபடி அடிக்கவோ நாள் போதாது.

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஓட்ட, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். அங்கே முதல் தட்டிலேயே கிளம்பியது, அப்படியொரு நல்ல பிள்ளை. வீட்டுக்கு வந்து ஒருமுறை ஓடியது, சாயங்காலம் நகலெடுக்கப் புது ப்ளாப்பி வாங்கி வந்து சுவிட்சைப் போட்டால் பழைய குருடி கதைதான். மறுபடி தூக்கிப் போனோம், மறுபடி அங்கே ஓடியது. டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்றார் கடைக்காரர். உள்ளே இருப்பது என்னாகும் என்று கேட்டேன். கையை விரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன்.

வீடு வந்த பிறகுதான் யோசித்தேன். ஸ்கூட்டரில் குலுங்கிய பிறகெல்லாம் ஓடுகிறது. சாகப் போகிற டிஸ்க் குலுக்கினால் இன்னும் சீக்கிரமல்லவா சாக வேண்டும்? உள்ளே ஏதோ சரியாகத் தொடவில்லை. அப்படியானால் உள்ளே கை வைத்தது யார்?

என் வீட்டுக்காரருக்கு ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. ஆயுத பூஜையன்று அங்கே கடைசி ஸ்பேனர் வரை துடைத்துப் பொட்டு வைப்பார்கள். பெண்டாட்டியும் ஒரு மெஷின் ஓட்டுகிறாள் என்பதில் அவருக்குப் பெருமை தாங்காது. பூஜையன்று நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது பெட்டியைத் திறந்து துடைத்தது அவர்தான். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன்."

"எல்லாத்துக்கும்னா?"

"ஒண்ணும் விட்டுடக் கூடாதில்ல? பிளக்கையெல்லாம் கழட்டி, ஒவ்வொண்ணுக்கும் சொல்ப சந்தனம், மேல குங்குமம் வெச்சு, திரும்ப மாட்டினேன்."

திறந்து பார்த்தோம். டிஸ்க்குக்குக் கரண்ட் போகிற பிளக்கின் துளைகளில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. நாக்கு நுனி வரை திட்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவர் டார்ச் பிடிக்க, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து எடுத்தேன். நன்றாகக் காயவிட்டு சுவிட்சைப் போட்டோம். டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தோம், ஒருமுறையும் ஏமாற்றவில்லை.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். பிரிண்டர் கத்திக் கத்திப் பக்கங்களைத் தள்ள, அவள் வாங்கி வாங்கி அடுக்கினாள். ஏதோ வயர் விட்டுப் போயிருந்தது என்று அவளிடம் மழுப்பினேன். வாசற்படியில் நின்றிருந்த இவருக்குப் பொறுக்கவில்லை.

"வயரெல்லாம் இல்லம்மா. பூஜை போடறேன்னு நான்தான் பிளக்குல சந்தனத்தை வெச்சுட்டேன். உன் வேலையே போயிருக்கும்."

அவள் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். இவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கூட்டுல ஏருக்குப் பொட்டு வெப்பாங்க, மோட்டாருக்கு வெப்பாங்க. நான் படிக்கறதை ஒரு வேலைன்னே யாரும் நெனைக்கலீங்கண்ணா. நீங்க அதுக்கும் பூசை போட்டிருக்கறீங்க."

அவர் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பைண்டிங் கடைக்குத் தானே கூட்டிப் போவதாகச் சொல்லி ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். கெடுவுக்கு முந்தின நாளே ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த திட்டையெல்லாம் அன்றைக்கே தள்ளுபடி செய்துவிட்டேன்.