ஆயிரத்து ஒன்பதாவது விளக்கு

உக்கிரபாண்டிக்கு எண்களைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டுகிற வேலை. பஸ் நம்பரோ, ரேஷன் கார்டு நம்பரோ, எதால் வகுபடும் என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. ஊருக்கு இதனால் காலணா பிரயோஜனமில்லை, வருஷத்தில் ஒரு நாள் தவிர.

அது அம்மன் கோவில் திருவிளக்கு பூசை. ஆயிரத்தெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு விளக்கு. ஆயிரத்தெட்டு இணக்கமான எண். ஏழு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, எதற்கும் மீதமில்லாமல் வகுபடும். இடத்துக்குத் தக்கபடி வரிசை பிரித்துக் கொடுப்பது உக்கிரபாண்டிதான்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் அவர் தங்கை பெத்தம்மாள் தானும் விளக்கு வைக்க வேண்டும் என்றாள். மகள் காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது, மகள் பிழைத்துவிட்டாள். ஆனால் பெத்தம்மாளுக்குப் புருஷன் இல்லை. கமிட்டித் தலைவர் சங்கரபாண்டியன் எண்ணெய் வியாபாரி, பேச்சும் வழுக்கும். தாலியில்லாதவள் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை.

"ஆயிரத்தெட்டும் நெறைஞ்சிட்டுப்பா. ஒண்ணு கூடுனா ஒரு விளக்கு வரிசைக்கு வெளிய ஒத்தையா நிக்கும்லா. அது நல்லதா? நீயே வகுத்துப் பாரு."

உக்கிரபாண்டி ஆயிரத்து ஒன்பதை வகுத்துப் பார்த்தார். இரண்டில் தொடங்கி முப்பத்தொன்று வரை எதிலும் மீதி நின்றது. அதற்கு மேல் போக வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒன்றையும் தன்னையும் தவிர எதையும் கிட்டே சேர்க்காத எண். பாழாய்ப்போன எண்ணும் தலைவர் பக்கமா என்று கூட இருந்து பார்த்த எனக்கு எரிச்சலாக இருந்தது. உக்கிரபாண்டிக்கு அந்த எரிச்சல் இல்லை. மறுநாள் போய்ச் சொன்னார்.

"ஒரே வரிசையாப் போட்டா ஒண்ணும் மிஞ்சாது அண்ணாச்சி. கோவிலச் சுத்தி நாலு தெருவுலயும் போடுதேன். பேப்பர்ல படம் வரும்."

பேப்பர் என்றதும் தலைவர் இளகிவிட்டார். முதல் விளக்கு தன் சம்சாரம் ஜானகியம்மாளுக்கு என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பெத்தம்மாள் கடைசி. நாலு தெருவையும் சுற்றி வருகிற வரிசையின் கடைசி, முதலுக்குப் பக்கத்தில்தான் வந்து முடியும். அதைத் தலைவர் யோசிக்கவில்லை.

பூசையன்று ஜானகியம்மாள் முதலில் ஏற்ற, சுடர் விளக்குக்கு விளக்கு மாறி ஊரைச் சுற்றிப் பெத்தம்மாளிடம் வந்து சேர்ந்தது. அந்த நேரம் ஒரு காற்று வீசி ஜானகியம்மாளின் விளக்கு அணைந்துபோனது. தீக்குச்சி கிழிக்கக் கூடாது. எரிகிற விளக்கிலிருந்துதான் ஏற்ற வேண்டும், தீப்பெட்டி ஊரிலும் அதுதான் முறை. அவளுக்கு இடப்பக்கம் இரண்டாவது விளக்கு எரிந்தது, வலப்பக்கம் பெத்தம்மாளின் விளக்கு.

தலைவர் தூரத்திலிருந்து இடப்பக்கத்தைக் கண்ணால் காட்டினார். ஜானகியம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி பெத்தம்மா, காத்து அடிக்குது. ஒன் விளக்கக் கொஞ்சம் கிட்ட கொண்டா."