சுண்ணக்கல் மேட்டில் கேட்ட தட்டு

கவின், பாப்பா, இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் உங்கள் அப்பா. கோயிலுக்கே அம்மா இழுத்தால்தான் வருவேன். பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் என்றாலும் மெஷினோடு பழகியவன், ஒன்று அசைந்தால் அதை அசைக்கிற ஏதோ ஒன்று இருக்கும், நட்டோ பெல்ட்டோ, அதைத் தேடு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன். கவின் நம்பமாட்டான், தெரியும். நம்ப வேண்டாம். பாதியில் சிரிக்காமல் கடைசி வரை படித்தால் போதும்.

ரத்னா அத்தை ஏன் இப்போதெல்லாம் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று பாப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மாதேஷ் மாமா போன துக்கம் என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். அது பாதிதான். மீதியை வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

மாதேஷும் நானும் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷெட்டில் ஒரே பிரஸ்ஸில் ஒன்பது வருஷம் வேலை செய்தோம். பிரஸ் என்றால், இரும்புத் தகட்டை வைத்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டித் தள்ளும், அந்த மெஷின். பெரிய கம்பெனிகளில் கை உள்ளே போனால் தானாக நின்றுவிடும். எங்களுடையது பழசு. முன்னால் ஒருத்தர் பெடலை மிதிக்க வேண்டும், பின்னால் ஒருத்தர் வெட்டி விழுந்த துண்டுகளை வழித்து எடுக்க வேண்டும். நடுவில் மெஷின் மறைப்பதால் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது, இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் இருப்பவர் ஸ்பேனரால் மெஷின் தூணில் இரண்டு தட்டு தட்டுவார். கை வெளியே இருக்கிறதா என்று கேட்கிறார் என்று அர்த்தம். பின்னால் இருப்பவர் ஒரு தட்டு தட்டினால், இருக்கிறது, இறக்கு. தட்டவில்லை என்றால் கை உள்ளே இருக்கிறது, பெடல் பக்கமே காலைக் கொண்டுபோகக் கூடாது. மாதேஷும் நானும் மாறி மாறி நிற்போம், ஒரு நாள் நான் கேட்பேன், ஒரு நாள் அவன் கேட்பான். ஒரு தட்டு வந்துவிட்டால் எட்டிப் பார்க்கிற பேச்சே கிடையாது. ஒன்பது வருஷத்தில் அந்தத் தட்டு பொய் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். வாரம் முழுக்க எண்ணெயும் புகையும் குடித்த நெஞ்சுக்கு அது ஒன்றுதான் மருந்து. ஜூஜுவாடிப் பக்கம் லாரிக்காரன் விடமாட்டான், அதனால் மத்திகிரி வழியாகத் தளி, அங்கேயிருந்து ஜவளகிரி. ரோஜாத் தோட்டக் கொட்டகைகள், கேழ்வரகுக் கொல்லை, அப்புறம் காடு. ஜவளகிரி தாண்டி ஒரு கிளைச் சாலை இருக்கிறது, பஸ் போகாது. நம் பக்கத்து மலையெல்லாம் கறுப்புப் பாறை, ஆனால் அந்த ஒரு துண்டு நிலம் மட்டும் வெள்ளைக் கல்லாகவே குன்று குன்றாக இருக்கும். சுண்ணக்கல் மேடு என்பார்கள். எந்தக் காலத்திலோ அந்தக் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காளவாய்கள் கிணறு மாதிரி வட்டமாகச் சாலையோரத்தில் கைவிட்டுக் கிடக்கும். வெயில் பட்டால் அந்த மேடு அவ்வளவு அழகு, பாப்பாவை ஒரு நாள் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு மார்கழி. எட்டரை மணி ஆகியும் மூடுபனி விலகவில்லை. மேட்டின் உச்சியில் நின்று தண்ணீர் குடித்தோம். அங்கேயிருந்து ஏழு வளைவு இறக்கம், கீழே முக்கூட்டில் ஒரு டீக்கடை.

“மச்சான், நீ முன்னால போ. நீ விழுந்தா நான் பாத்து நிறுத்திக்குவேன்” என்றான் மாதேஷ்.

“தொப்பைய வெச்சுகிட்டு நீ முன்னால போனா ரோடே தெரியாதுடா. நானே போறேன்.”

“டீ நீதான் வாங்கணும். வார்த்த மாறக் கூடாது.”

யானை இறங்குகிற இடம், கூச்சல் போடாதீர்கள் என்று காட்டிலாகா ஆள் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் நாங்கள் சாலையிலும் ஷெட்டு வழக்கத்தையே வைத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு சின்ன ஸ்பேனர் சைக்கிள் முன்கம்பியில் கயிறு போட்டுத் தொங்கும். ஒவ்வொரு வளைவிலும் நான் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவேன், பின்னாலிருந்து ஒரு தட்டு வரும். அந்த அமைதியில் அது தெளிவாகக் கேட்கும்.

முதல் வளைவு. தட்டினேன். பதில் வந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாவற்றுக்கும் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தாலும் பனியில் தெரிந்திருக்காது என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நான்காவது வளைவில் பதில் கொஞ்சம் சீக்கிரம் வந்த மாதிரி இருந்தது. நான் இரண்டாவது தட்டை முடிக்கும் முன்பே. பையன் குஷியில் இருக்கிறான் என்று நினைத்தேன். ஏழாவதில் அது என் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது, கை நீட்டினால் தொடலாம் போல.

“வா வா, டீ என் கணக்குதான்” என்று சொல்லிக்கொண்டே கடை முன்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் திரும்பினேன். வெறும் பனி. ஒருவரும் இல்லை.

ஒதுங்கப் போயிருப்பான் என்று நினைத்து இரண்டு டீ சொன்னேன். கடைக்காரம்மாள் கன்னடத்துக்காரர், வயது ஐம்பது இருக்கும். ஒரு டீயை என் கையில் கொடுத்து இன்னொன்றைப் பலகையில் வைத்தார். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது, பலகையில் இருந்த டீயில் ஆடை படிந்தது. போனை எடுத்தால் சிக்னல் இல்லை. விளையாடுகிறான் என்று கோபம் வந்தது. ஸ்பேனரை எடுத்து இரண்டு தட்டு தட்டினேன். பனிக்குள்ளிருந்து உடனே ஒரு தட்டு.

“பாருங்கம்மா, ஒளிஞ்சு நின்னு வெளையாடறான்” என்றேன்.

அந்தம்மாள் சிரிக்கவில்லை. “எங்க நின்னு தட்டறாரு ஸ்வாமி? ஒரு தடவ ரோட்டுப் பக்கம் கேக்குது, ஒரு தடவ என் கடைக்குப் பின்னால கேக்குது.”

“ஒரு தடவைதானேம்மா தட்டுனான்?”

“நீங்க வர்றதுக்கு முன்னாலருந்து கேக்குதே. அரை மணியா கேக்குது.”

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தே அரை மணி ஆகவில்லை. சைக்கிளைத் திருப்பி மேடு ஏற ஆரம்பித்தேன். யானையாவது ஒன்றாவது, மாதேசு மாதேசு என்று கத்திக்கொண்டே மிதித்தேன். ஒரு பதிலும் இல்லை. ஐந்தாவது வளைவு தாண்டினேன், நாலாவது தாண்டினேன், மூச்சு இரைத்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது வளைவுக்குக் கீழே நிற்கும்போது மேலேயிருந்து இரண்டு தட்டு கேட்டது.

பிள்ளைகளே, எனக்கு உயிரே வந்தது. அதுவரை நான் கேட்டேன், அவன் பதில் சொன்னான். இப்போது அவன் கேட்கிறான், நான் எங்கே என்று தேடுகிறான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, நினைப்பதற்கு முன்பே கை போய்விட்டது. ஒன்பது வருஷத்துக் கை. ஸ்பேனரைப் பிடித்து ஒரு தட்டு தட்டியது.

அடுத்த நொடி மேலே ஏதோ இறங்குகிற சத்தம். பெரிய சத்தமில்லை. பிரஸ்ஸில் கனமான தகடு வைத்தால் காலுக்கடியில் தரை ஒரு தடவை அதிருமே, அந்த மாதிரி.

ஓடினேன். இரண்டாவது வளைவில் ஈரச் சாலையில் சக்கரம் இழுத்த தடம் தெரிந்தது. மாதேஷின் சைக்கிள் ஓரத்து உண்ணிப்புதரில் சிக்கிக் கிடந்தது. அவன் ஸ்பேனர் அதன் கம்பியில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. புதருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய காளவாய்ப் பள்ளம், ஒரு பக்கச் சுவர் அப்போதுதான் சரிந்திருந்தது, பனிக்குள் வெள்ளையாகத் தூசி இன்னும் அடங்கவில்லை. இடிபாட்டுக்குள் மாதேஷ் மார்பு வரை புதைந்து கிடந்தான். கண் திறந்திருந்தது.

இறங்கிப் போய்க் கல்லைக் கையாலேயே தள்ளினேன். அவன் மெதுவாகப் பேசினான், நான் காதை வைத்துக் கேட்டேன்.

“கால் ஒடஞ்சு உள்ள விழுந்துட்டேன் மச்சான். கத்தறதுக்கு மூச்சு வரல. நீ தட்டறது கேட்டுச்சு, எல்லாமே கேட்டுச்சு. விழுந்தப்பறம் நான் தட்டவே இல்ல. பக்கத்துல கல்லு இருந்துச்சு, எடுத்துத் தட்டியிருக்கலாம். தட்டலன்னா நீ வந்துருவேன்னு கம்முனு கெடந்தேன்.”

“பதில் வந்துச்சேடா.”

“யாரோ தட்டுனாங்க. இந்தச் செவுத்துக்கு உள்ளருந்து. நீ கேக்கறப்பல்லாம் தட்டுனாங்க.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “கடேசியா நீ ஏன் மச்சான் தட்டுன? அப்பறந்தான் எறங்குச்சு.”

கடைக்காரம்மாள் தக்காளி ஏற்றி வந்த டெம்போவை நிறுத்தி மேலே அனுப்பியிருந்தார். டிரைவரும் நானும் கல்லை எடுத்து அவனைத் தூக்கினோம். எனக்கு ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது, சாலையில் கல்லெல்லாம் பனியில் நனைந்து சில்லென்று இருந்தது, அந்தச் சுவரிலிருந்து விழுந்த கல் மட்டும் காய்ந்து, கைக்குச் சூடாக இருந்தது. அந்தக் காளவாயில் நெருப்பு மூட்டி எத்தனையோ காலம் ஆகிறது என்றார் டிரைவர்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தான். கால் முறிவு மட்டும் என்றால் பிழைத்திருப்பான், நெஞ்சின்மேல் கல் விழுந்ததுதான் என்று டாக்டர் சொன்னார். அப்புறம் உங்களுக்கே தெரியும்.

காரியம் முடிந்த அன்று ஷெட்டு ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது ரத்னா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள். அழவில்லை.

“அண்ணா, உங்க மெஷின்ல ஒரு தட்டு தட்டுனா எறக்குன்னு அர்த்தமாமே? இப்பத்தான் ஷெட்டு ஆளுங்க சொன்னாங்க.”

“ஆமாம்மா.”

“நாலு நாளும் அவரு ஒன்னேதான் கேட்டுகிட்டிருந்தாரு. மச்சான் ஏன் தட்டுனாருன்னு. ஜன்னியில ஒளர்றாருன்னு நெனச்சேன். நீங்க தட்டுனீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை.

“தட்டுனேம்மா. அவன்தான் கேக்கறான்னு நெனச்சு.”

“அவரு கேக்கலீங்களே.”

அவ்வளவுதான் பேசினாள். உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து நம் வாசலை மிதிக்கவில்லை. அவள்மேல் நீங்கள் வருத்தப்படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வழியில் பார்த்தால் அத்தை என்று கூப்பிடுங்கள், பதில் சொல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

நான் பிரஸ்ஸை விட்டுவிட்டுப் பேக்கிங்குக்கு மாறிவிட்டேன். பதில் தட்டு எப்படி வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், எதிரொலி என்று ஒருவர் சொன்னார், மரங்கொத்தி என்று ஒருவர் சொன்னார், இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சுவருக்குள் எது இருந்ததோ, இருந்ததோ இல்லையோ, அதற்கு அவன்தான் வேண்டும் என்றால் முதலிலேயே இறங்கியிருக்கலாம். அவன் அத்தனை நேரம் அதற்குக் கீழேதான் கிடந்தான், தடுக்க யாரும் இல்லை. ஆனால் அது காத்திருந்தது. நான் திரும்பி வரும்வரை காத்திருந்து, இரண்டு தட்டு தட்டி, என்னைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கியது.

என்னை ஏன் கேட்க வேண்டும்?