ஒரே ஆள், இரண்டு மெஷின்

2000-ஆம் ஆண்டு ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். தூறல். மூடுபனி இறங்கியிருந்தது. பாக்டரி கேட்டிலிருந்து பார்த்தால் புகைபோக்கியின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அதன் உச்சியில் புகை வருகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று நடந்ததற்கு அந்தப் பனியும் ஒரு காரணம்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருந்த அந்த டீ பாக்டரியில் நான் தலைமைக் கணக்கர். சிறு தோட்டக்காரர்களிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கி விற்கிற பாக்டரி. தூள் விலை விழுந்தது. இலை விலை அதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. மே மாதத்தோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலாளி கோயமுத்தூருக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். இலை கொடுத்தவர்களுக்கு மூன்று மாதப் பணம் நின்றது. சாவி என்னிடம் இருந்தது. அந்தச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒரு இரவும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

டிரம்ஸ்காரரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். போன டிசம்பரில் அவர் அடக்கத்துக்கு வந்த இசை வாசிப்புக்காரர்களை எண்ணினேன், நாற்பத்தொரு பேர். பெங்களூர், சென்னை, கொச்சி என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். கல்லறையில் நின்று அவர் கை எப்படிப்பட்ட கை என்று பேசினார்கள். இந்தக் கதை அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவர் வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க். அப்பா சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஊருக்கு அவர் சனிக்கிழமை கிளப்பில் டான்ஸுக்கு அடிக்கிறவர், அவ்வளவுதான். வாசிப்புக்காரர்களுக்கு அவர் வேறு ஆள். ராக் இசையை நீட்டி மடக்கி, ஒரே பாட்டுக்குள் நான்கு தாளம் மாற்றுகிற வகை ஒன்று உண்டு. ஜாஸும் நம் மிருதங்கக் கணக்கும் கலந்த வகை இன்னொன்று. இரண்டிலும் இந்த மலையில் அவருக்கு இணை கிடையாது என்று சொல்வார்கள். தேயிலை விலை விழுந்ததும் கிளப்பில் பேண்டை நிறுத்தினார்கள். வீட்டில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். மூடிக் கிடந்த பாக்டரியில் இலை வாட்டும் மாடியைக் கேட்டு அவர் என்னிடம் வந்தார். அவருடைய சர்ச்சுக்கு நான் கணக்குப் பார்க்கப் போன பழக்கம். முதலாளியிடம் சொல்லாமலே கொடுத்தேன்.

முதல் நாள் கீழே ஆபீஸில் உட்கார்ந்து எண்ணினேன். எதைக் கேட்டாலும் எண்ணுவது என் வியாதி. நான்கு நான்காக எண்ணினால் கணக்கு உதைத்தது. மறுபடி எண்ணினேன், ஏழு வந்தது. ஏழாக எண்ணினால் அடியில் ஏதோ ஒன்று சேராமல் போய்க்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் மாடியேறிப் போய்க் கேட்டேன்.

"ரெண்டும் சரிதான் சார்," என்றார். "கால்ல நாலு. கையில ஏழு, நம்ம மிஸ்ர சாபு. ரெண்டும் தனித்தனியாப் போகும். இருபத்தெட்டுல வந்து சேரும்."

இருபத்தெட்டு வரை எண்ணிப் பார்த்தேன். சேர்ந்தது. அன்றிலிருந்து சனி, ஞாயிறுகளில் எனக்கு பாக்டரியில் வேலை இல்லாவிட்டாலும் வேலை இருந்தது.

பெட்டி யோசனை என்னுடையது. பனியில் தாளத்தட்டுகள் களிம்பு பிடிக்கும், தோல் தளரும் என்று அவர் புலம்பினார். ஸ்டோரில் பழைய டீப் பெட்டிகள் கிடந்தன. காகிதச் சாக்கு வந்த பிறகு அவற்றை யாரும் தொடுவதில்லை. பிளைவுட் பெட்டி, ஓரமெல்லாம் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள். தூளுக்கே ஈரம் இறங்காத பெட்டி டிரம்முக்கு ஆகாதா? ஏழு பெட்டிகள் எடுத்தோம். பெரிய டிரம்முக்காக இரண்டைப் பிளந்து ஒன்றாக்கினோம். ஆக ஆறு உருப்படி. ஒவ்வொன்றின் மேலும் பாக்டரியின் மார்க், தூளின் ரகம், எடை எல்லாம் கறுப்பு மையில் பளிச்சென்று இருந்தன. அதை அழிக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ஜூலை 16 அன்று அந்த ஆறு உருப்படிகளும் ஒரு வாடகை வேனில் ஏறியிருந்தன. மறுநாள் காலை ஒன்பதுக்குச் சென்னையில் அவருடைய சொந்த இசையை ரெக்கார்ட் செய்கிறார்கள். பதினொரு வருஷமாக அவர் கட்டி வைத்த இசை. சிநேகிதர் ஒருவர் ஸ்டுடியோவை இரண்டே நாளைக்கு வாங்கித் தந்திருந்தார். இவர் வராவிட்டால் அந்த இரண்டு நாளும் வேறு ஒருவருக்குப் போய்விடும். அங்கே டிரம்ஸ் வாடகைக்குக் கிடைக்காதா என்று கேட்டேன்.

"அடுத்தவன் பல்லை மாட்டிக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கும் சார்," என்றார்.

ஆறரைக்குள் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் பெட்டிகளை புக் செய்தாக வேண்டும். மலை இறங்க ஒன்றேகால் மணி நேரம். ஐந்தேகாலுக்கு மேல் ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாது என்று அவரிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

வேன் கேட்டைத் தாண்டிப் பத்தடி போயிருக்கும். பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். முதலில் பத்து, பிறகு இருபது. கடைசியில் எண்ணியபோது அறுபத்து மூன்று. எல்லாரும் எங்களுக்கு இலை கொடுத்தவர்கள். தங்களுக்குள் படுக மொழியில் பேசிக்கொண்டார்கள், எங்களிடம் தமிழில். முன்னால் நின்றவர் ஓய்வு பெற்ற தபால்காரர். ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க கிளார்க் சார், ஞாயித்துக்கெழமைல தூள் எங்கீங்க போகுது?"

"தூள் இல்லைங்க. இவரோட சாமான்."

"சாமானுக்கு உங்க பாக்டரி மார்க் எதுக்குங்க?"

டிரம்ஸ்காரர் இறங்கி ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பு டிரம். பின்னால் யாரோ சிரித்தார்கள். அத்தோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

முடியவில்லை. தபால்காரர் சொன்னார்: "மோளத்தை ஏத்தறது ஒரு சாக்குங்க. ஒரு மாசமா உள்ள மெஷின் ஓடுது. எங்க இலையை வேண்டாம்னுட்டு, எங்கிருந்தோ சல்லிசா இலையை எறக்கி ஓட்டறீங்க. எதுத்த மேட்டுல எங்க ஊடு. ஊடே கேக்குது."

"அது இவர் அடிச்ச சத்தமுங்க."

"ரெண்டு மெஷினுங்க!" என்றார் ஒரு இளைஞர். "ஒண்ணு பெருசு, மெதுவா ஓடும். ஒண்ணு சின்னது. அது முந்தும், இது பிந்தும், அப்பறம் ரெண்டும் சேரும். நான் இலை உருட்டற ரோலர்ல வேலை பாத்தவன். ஒரு ஆளு ரெண்டு மெஷின் சத்தம் போட முடியுமா?"

நான் டிரம்ஸ்காரர் முகத்தைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் அவர் முகம் மலர்ந்திருந்தது. "இதை இந்த மாதிரி யாரும் சொன்னதில்லை சார்," என்று என் காதில் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. மணி நான்கு அடித்து ஐந்து நிமிடம்.

"உள்ளே வந்து மெஷினைத் தொட்டுப் பாத்துக்கோங்க," என்றேன். முதலாளி என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று துணிந்துவிட்டேன்.

தபால்காரர் கையை விரித்து எல்லாரையும் மறித்தார். "கேட்டுக்குள்ள ஒருத்தரும் காலு வைக்கப்படாது. வச்சா நாளைக்கு நாமதான் திருடினோம்னு கேஸ் போடுவாங்க. நான் கெவுருமெண்டு உத்தியோகம் பாத்தவன், எனக்குத் தெரியும்." பிறகு டிரம்ஸ்காரரிடம் திரும்பினார். "ஏனுங்க, நீங்கதான் அடிச்சீங்கன்னா இங்கியே அடிங்க. ரெண்டு பேர் எங்க ஊட்டுக்குப் போய் நின்னு கேக்கட்டும். அதே சத்தமா இருந்தா ரெண்டு விசில். இல்லீன்னா ஒண்ணு. ஒரு விசில் வந்தா வண்டி இங்கதான் நிக்கும், பாக்கி வர வரைக்கும்."

கேட்டை ஒட்டிக் காவல்காரரின் தகரக் கொட்டகை இருந்தது. ஆறு உருப்படிகளையும் இறக்கி, டிரம்ஸ்காரர் அதற்குள் டிரம்ஸைப் பொருத்தத் தொடங்கினார். அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு திருகையும் இறுக்கி, ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். கொட்டகை போதவில்லை, பெரிய டிரம் பாதி வெளியே மழையில் நின்றது. என் குடையை அதற்குப் பிடித்தேன். என் இடது தோள் நனைந்தது. ஒரு வாரம் இருமினேன்.

"சீர்வரிசை எங்க, பொண்ணு எங்க?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு. அதற்குள் கூட்டத்தில் இருந்த ஒரு அம்மா, இலை பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் படுதாவைத் தலையில் போட்டிருந்தவர், என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எலைக்குக் காசு குடுக்க வக்கில்லை. மோளம் அடிக்க மட்டும் எடம் குடுத்திருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

நான்கு மணி நாற்பத்தாறுக்கு அடிக்கத் தொடங்கினார். மேட்டுக்குப் போன இரண்டு பேரும் பனியில் மறைந்து கால்மணி நேரம் ஆகியிருந்தது. போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியாது. காலில் நான்கு வைத்தார். எட்டு முறை அதுவே ஓடியது. கை ஏழை எடுத்தது. தகரம் அதிர்ந்தது. நான் எண்ணினேன். இருபத்தெட்டில் சேர்ந்தது. விசில் இல்லை. மறுபடி இருபத்தெட்டு. இல்லை. எல்லாரும் அவரைப் பார்க்காமல் மேட்டுப் பக்கம் வெள்ளையைப் பார்த்து நின்றார்கள். ஐந்தாவது சுற்று. பெரிய டிரம்மின் தோல் ஈரம் குடித்து, சத்தம் மழுங்குவது எனக்கே கேட்டது. மாடியில் கேட்ட சத்தம் இது இல்லையே என்று நினைத்தேன். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். காலை இன்னும் அழுத்தமாக வைத்தார். எட்டாவது. ஒன்பதாவது சுற்றில் பத்து, பதினொன்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு விசில் வந்தது.

ஒன்று.

தபால்காரர் வேன் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் சாவியைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார். டிரம்ஸ்காரர் தலையைத் தூக்கவில்லை. பதினைந்து. பதினாறு. பிறகு பனிக்குள்ளிருந்து இன்னொரு விசில் வந்தது.

"நிறுத்துங்க, போதும்!" என்று கத்தினேன். மணி ஐந்தாகப் போகிறது. அவர் நிறுத்தவில்லை. இருபத்தெட்டு வந்து, கையும் காலும் சேர்ந்த பிறகுதான் நிறுத்தினார். "நடுவுல விட்டா ரெண்டும் அப்படியே நிக்கும் சார்," என்றார்.

ரோலரில் வேலை பார்த்த இளைஞர் கிட்டே வந்து அவருடைய வலது காலைக் குனிந்து பார்த்தார். "ஒரே ஆளுதான்," என்று மற்றவர்களிடம் சொன்னார்.

தபால்காரருக்கு நியாயம் நியாயம்தான். "மோளம் உங்களுது, கொண்டுபோங்க. பொட்டி பாக்டரிது. பாக்டரிலிருந்து ஒரு துரும்பும் வெளிய போகாதுன்னு எங்க கூட்டத்துல முடிவு. பொட்டி இங்கியே கெடக்கட்டும்."

மழையில் திறந்த வேன். பெட்டி இல்லாமல் எப்படி? நான் வாயைத் திறக்குமுன் அந்த அம்மா தலையிலிருந்த படுதாவை உருவி, வேனுக்குள் எறிந்தார். "திருப்பிக் கொண்டாந்து குடுக்கோணும்," என்றார். அதைப் பார்த்து இன்னும் சிலர் கொடுத்தார்கள். ஒன்பது படுதாக்கள். ஐந்து பதின்மூன்றுக்கு வேன் கிளம்பியது.

ரயில் கிடைத்தது. அந்த இரண்டு நாளில் அவர் ரெக்கார்ட் செய்ததைத்தான் நாற்பத்தொரு பேரும் கல்லறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வரும் நான்குக்கு ஏழை எப்படி யோசித்தார் என்று ஒருவர் கேட்டார். அது எதிர்மேட்டில் இரண்டு மெஷினாகக் கேட்ட சத்தம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன், குளிர், சொல்லவில்லை. படுதாக்களை அவரே வியாழக்கிழமை கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். எட்டுதான் இருந்தன. ஒன்றுக்குப் புதிது வாங்கித் தந்தார்.

பெட்டிகளைக் கேட்டில் காவல் இருந்த தோட்டக்காரர்கள் குளிருக்கு எரித்துவிட்டார்கள். பாக்டரி அதன் பிறகு திறக்கவேயில்லை. அடுத்த மார்ச்சில் முதலாளி என் கணக்கைத் தீர்த்தார். கடைசி வரியில், அனுமதியின்றி வெளியே எடுத்த டீப் பெட்டிகள் என்று பிடித்தம் போட்டிருந்தது. பெட்டி ஒன்றுக்கு அறுபத்தைந்து ரூபாய், ஏழு பெட்டி. சரிபார்த்தேன், கூட்டல் சரிதான். நானூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.