கம்பியைத் திரும்பப் போடுங்கள்

நாற்பத்து நான்கு வயதில் பல்லுக்கு கிளிப் போட்டுக்கொண்டேன். கீழ்வரிசையில் முன்பல் ஒன்றின் ஈறு இறங்கிக்கொண்டே போனது. நஞ்சன்கூடு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மைசூரிலிருந்து தினமும் பஸ். காலையில் ஜன்னல் காற்று பட்டாலே அந்தப் பல் கூசும்.

சரஸ்வதிபுரத்தில் பல் டாக்டரிடம் போனேன். இளம் பெண், கன்னடக்காரர். வாய்க்குள் பார்த்துவிட்டு, "கிராஸ்பைட்" என்று நர்சிடம் சொன்னார்.

"அப்படின்னா என்னங்க? எனக்குச் சொல்லுங்க, பல்லு என்னோடது" என்றேன் கன்னடத்தில்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையில் கண்ணாடியைக் கொடுத்தார். மேல்பல் எப்போதும் டப்பா மூடி மாதிரி கீழ்ப்பல்லுக்கு வெளியே உட்கார வேண்டும். எனக்கு ஒரு மேல்பல் மட்டும் உள்ளே போய் மூடுகிறது. மெல்லும்போதெல்லாம் கீழ்ப்பல்லை முட்டி வெளியே தள்ளுகிறது. ஈறு இறங்குவது அதனால்தான். இத்தனை வருடம் தினமும் கண்ணாடி பார்க்கிறேன், இதைப் பார்த்ததே இல்லை.

பிறகு இரண்டு வழி சொன்னார். ஒன்று, பல்லில் ஒட்டுகிற சின்ன உலோகத் துண்டுகள். அதற்குப் பெயர் பிராக்கெட். அதன் பள்ளத்தில் ஓடுகிற கம்பிதான் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். இன்னொன்று அலைனர். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. சாப்பிடும்போது கழற்றி வைத்து, மற்ற நேரமெல்லாம் மாட்டியிருக்க வேண்டும். பல் நகர நகர அடுத்த உறைக்கு மாற வேண்டும்.

"உங்க வயசுக்காரங்க இதைத்தான் கேட்பாங்க. போட்டிருக்கறதே யாருக்கும் தெரியாது" என்றார்.

"யாருக்குத் தெரியக் கூடாது?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கு எது நல்லது என்று கேட்டேன். இரண்டிலும் சரியாகும் என்றார். பேக்கிங் பிரிவில் நான் சூப்பர்வைசர். மணிக்கொரு தரம் டீ குடிக்கிறவள், நாள் முழுக்க இருபது பேரிடம் கத்துகிறவள். கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி எனக்கு ஆகாது. கம்பியே போடச் சொன்னேன்.

முதல் வாரம் இட்லியைக்கூட விழுங்கத்தான் முடிந்தது. கன்னத்தின் உட்பக்கம் புண். தொழிற்சாலையில் பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். மறக்காதவர் ஒருவர்தான். என் கணவரின் அக்கா. அவர் மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"அம்மிணி, கல்யாணத்துக்கு மட்டும் அதைக் கழட்டி வெச்சுட்டு, அப்பறம் மாட்டிக்கோ" என்றார்.

"ஒட்டியிருக்குங்க அண்ணி. கழட்டற சாமான் இல்ல."

"பேரன் பேத்தி எடுக்கற வயசுல கம்பி கட்டிட்டு வந்து நின்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? போட்டோவுலயாவது வாயை மூடிட்டு நில்லு."

கல்யாணத்துக்குக் கொள்ளேகாலிலிருந்தும் கௌதள்ளியிலிருந்தும் சொந்தமெல்லாம் வந்திருந்தது. மண்டபத்தில் நான்தான் மணப்பெண்ணுக்கு அத்தை, முன்வரிசையில் நிற்க வேண்டியவள். நின்றேன். போட்டோக்காரர் "ஸ்மைல்" என்றதும் கடைவாய்வரை தெரியச் சிரித்தேன். அண்ணி பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஆல்பம் வந்தபோது என் கணவர்தான் முதலில் புரட்டினார். "உன் கிளிப்பு எங்க?" என்றார்.

பிடுங்கிப் பார்த்தேன். படத்தில் கம்பி இல்லை. கம்பியை மட்டும் அழித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பல்வரிசையையே மாற்றியிருந்தார்கள். வெள்ளைவெளேரென்று, சீப்பு மாதிரி ஒரே அளவில் பல். யாரோ ஒருத்தி என் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

அன்றைக்கே ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "சென்னாகிதெயல்லா மேடம்?" என்றான். நன்றாகத்தானே இருக்கிறது என்கிறான். உங்கள் அண்ணிதான் போன் செய்து கம்பியை எடுக்கச் சொன்னார், கம்பியை எடுத்தால் பல் கோணலாகத் தெரிந்தது, அதையும் சரி செய்தேன் என்றான்.

"இது என் பல்லு இல்ல. கம்பியைத் திரும்பப் போடுங்க."

"கம்பி வேணும்னு யாருமே கேட்டதில்ல மேடம்."

"நான் கேக்கறேன்."

அவன் கம்ப்யூட்டரில் பழைய படத்தைத் தேடி எடுத்தான். திரையில் நான் வந்தேன். கம்பி மின்னியது, ஒரு பல் உள்ளே இருந்தது, கண் இடுங்கியிருந்தது. அந்தப் பக்கத்தை எங்கள் ஆல்பத்துக்கும் அண்ணி வீட்டு ஆல்பத்துக்கும் மாற்றி அச்சடிக்கச் சொன்னேன். பெரிதாக ஒன்று எடுத்து ஃபிரேமும் போடச் சொன்னேன்.

மாற்றிய ஆல்பத்தை அண்ணி வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

"உனக்கு நல்லதுக்குத்தானே செஞ்சேன்? ஊரே பாக்குமே அம்மிணி!"

"பாக்கட்டுங்க. என்னைக் கேக்காம என் மூஞ்சிய மாத்தறது நல்லதா அண்ணி? உங்க மூஞ்சிய நான் மாத்தியிருந்தா சும்மா இருப்பீங்களா?"

அவர் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு உள்ளே போனார். காபியும் தரவில்லை. ஆடி வரைக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் கணவர் ஒருமுறை, "நீதான் போய்ப் பேசிடேன்" என்றார். தப்பு செய்தவர் வரட்டும் என்றேன். அண்ணிதான் வந்தார், மாதேஸ்வரன் மலைப் பிரசாதத்தோடு. நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஒன்றரை வருடத்தில் கம்பியைக் கழற்றினார்கள். உள்ளே போன பல் வெளியே வந்து சரியாக மூடுகிறது. இறங்கிய ஈறு ஏறவில்லை. ஏறாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் அதற்குமேல் இறங்கவும் இல்லை. பல் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்குமாம், அதைப் பிடித்து நிறுத்த ரிட்டைனர் என்று ஓர் உறை தந்திருக்கிறார். தூங்கும்போது மாட்டிக்கொள்கிறேன்.

போன மாதம் அண்ணி வந்திருந்தார். ஹாலில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான் பல்லு லட்சணமா இருக்கே. புதுசா ஒண்ணு எடுத்து மாட்டிட்டு, இதை எடுத்துடேன்."

"புதுசா எடுத்து மாட்டலாமுங்க. இது எறங்காது" என்றேன்.

"உனக்கு இருக்கற திமிரு இருக்கே" என்றபடி படத்துக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் டீ போடப் போனேன்.