வாசிக்காமல் ஒப்பம் வைக்க மாட்டேன்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். விரல் வைத்து, வாய்விட்டு வாசிப்பேன். யாராவது அவசரப்படுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். ஆனால் வாசிப்பேன். சிங்களம் அப்படியில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து மீன்காரனோடும் மரக்கறிக்காரியோடும் வாயாடி வளர்ந்தவளுக்கு அதைப் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசிக்க மட்டும் ஓர் எழுத்தும் தெரியாது.

நாங்கள் இருப்பது ஒரு தோட்டம். கொழும்பில் தோட்டம் என்றால் செடிகொடி இல்லை, ஒரே குழாயடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன வீடுகள். அங்கே யாருக்காவது பொலிஸில் ஏதும் காரியம் என்றால் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் சிங்களத்தில் சொல்வேன், சார்ஜன்ட் எழுதுவார். கடைசியில் காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்துவிட்டு வெளியே வந்து மூச்சு விடுவோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வெளியே வந்தால் போதும், அதுதான் வழக்கம்.

என் மகன் ஓட்டோ ஓட்டுகிறவன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பக்கத்து ஸ்டோர்க்காரர் தோட்டத்து வாசலில் பீப்பாய்களை அடுக்கிவிட்டார். ஓட்டோ வெளியே போக வழியில்லை. மகன் இறங்கி ஒரு பீப்பாயை உருட்டினான். ஸ்டோரில் வேலை செய்கிற ஆள் ஓடிவந்து அதை மற்றப் பக்கம் பிடித்து இழுத்தார். மீன்காரன் அப்போதுதான் பெட்டியைக் கழுவி ஊற்றிவிட்டுப் போயிருந்தான். அந்தத் தண்ணீரில் வழுக்கி ஆள் விழுந்தார், கை பிசகியது. நான் சாளை மீனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். மகனுடைய விரல்கூட அவர்மேல் படவில்லை. ஆனால் மகன் தள்ளி விழுத்தினான் என்று ஸ்டோர்க்காரரின் முறைப்பாடு போய்விட்டது. பகலுக்குள் மகனும் ஓட்டோவும் பொலிஸில்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

மருமகளோடு போனேன். மகன் சுவரோரத்து வாங்குப் பலகையில் வேறு சிலரோடு குந்தியிருந்தான். சார்ஜன்ட் நல்ல மனிதர், என்னைத் தெரியும், உட்காரக் கதிரை தந்தார். வழக்கம்போல, நான் கண்டதைச் சிங்களத்தில் சொன்னேன், அவர் எழுதினார், புத்தகத்தை என் பக்கம் திருப்பிப் பேனையை நீட்டினார். மகனுடைய காரியம் என்றபடியால் அன்றைக்குத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "என்ன எழுதியிருக்கீங்க?" என்றேன். அவர் மளமளவென்று வாசித்தார். இரண்டு பேரும் இழுபறிப்பட்டதில் ஆள் விழுந்தார் என்று இருந்தது.

"நான் அப்படிச் சொல்லல்லையே சார். மீன் தண்ணியில வழுக்கினார் எண்டுதானே சொன்னனான்."

"ரெண்டும் ஒண்டுதானே அம்மே."

ஒன்றில்லை. அந்தத் தாள் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் என் மகன் ஆளை அடித்து விழுத்தியவன். ஓட்டோ பொலிஸ் முற்றத்திலேயே துருப்பிடிக்கும். அவர் வெட்டி ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எப்படி அறிவது? "தமிழில எழுதித் தாங்க. நான் வாசிச்சிட்டு ஒப்பம் வைக்கிறன்" என்றேன்.

சார்ஜன்ட் சிரித்தார். "இவ்வளவு காலமும் ஊருக்கெல்லாம் நீங்கதானே சிங்களத்தில கதைச்சீங்க. இண்டைக்கு மறந்துபோச்சா?"

"மறக்கல்ல. மீன் வாங்க அந்தச் சிங்களம் போதும் சார். மீன் நாறினா அடுத்த நாள் கொண்டுவந்து அவன்ட மூஞ்சியில எறியலாம். இந்தத் தாளை நான் யார்ட மூஞ்சியில எறியிறது?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சுருங்கியது. தமிழில் எழுத ஆள் இல்லை என்றார். காத்திருக்கிறேன் என்றேன்.

சில மாதங்களுக்கு முன் கோயில் மண்டபத்தில் ஒரு சட்டத்தரணிப் பிள்ளை வந்து பேசினாள். தின்னப் பெட்டிஸும் குடிக்கத் தேத்தண்ணியும் தருவார்கள் என்றுதான் நான் போனேன். நாட்டுக்கு மேல் ஒரு பெரிய சட்டம் இருக்கிறது, அரசியலமைப்பு, மற்றச் சட்டமெல்லாம் அதற்குக் கீழேதான் என்றாள். பொலிஸ் ஆளைப் பிடித்தால் ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டுமாம். எந்த அரசாங்கக் கந்தோரிலும் தமிழில் பேசலாமாம், தமிழில் பதில் கேட்கலாமாம். "இருக்கிறதெண்டா ஏன் மகள் எங்களுக்குக் கிடைக்கிறதில்ல?" என்று கேட்டேன். "கேட்டாத்தானே அம்மா" என்றாள். அப்போது எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. என்னுடையதை நான் ஏன் கேட்டு வாங்க வேண்டும்?

ஆனால் அன்றைக்குக் கேட்டேன். "நாட்டின்ட பெரிய சட்டத்தில இருக்கு சார். இல்லையெண்டு நீங்க சொல்லுங்க, நான் எழும்பிப் போறன்."

அவர் இல்லையென்று சொல்லவில்லை. அதை இல்லையென்று சொல்ல யாராலும் ஏலாது. இருக்கிறது என்று தானாகச் சொல்கிறவர்களையும் நான் கண்டதில்லை.

மகன் வாங்கிலிருந்து கத்தினான். "அம்மா, உங்களுக்குப் பைத்தியமா? வச்சிட்டு வாங்க, வீட்ட போவம்!"

"நீ அந்தாளைத் தள்ளினியா?"

"இல்ல."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இரு."

மருமகள் காதுக்குள், "மாமி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால வரப்போகுதுகள்" என்றாள். போய்ச் சோறு கொடு என்று அவளை அனுப்பிவிட்டு, நான் மகனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். என் பிடிவாதத்தால் இவனை இரவுக்கும் வைத்துக்கொண்டால்? அந்தப் பயத்தை நான் முகத்தில் காட்டவில்லை.

சார்ஜன்ட் யாருக்கோ போன் எடுத்தார். வெயில் சாயத் தொடங்கும்போது வேறு நிலையத்திலிருந்து ஒரு தமிழ்ப் பொலிஸ்காரப் பிள்ளை வந்து இறங்கினாள். மட்டக்களப்புப் பக்கம்.

"நீங்கதானா அந்த அம்மா? சோத்தை அரைவாசியில விட்டுட்டு வாறன்."

"நான் இன்னும் சாப்பிடவே இல்ல மகள். எழுதுங்க."

நான் சொன்னேன், அவள் எழுதினாள், புத்தகத்தைத் திருப்பினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, விரல் வைத்துத் தொடங்கினேன். சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். டெலிபோன் அடித்தது. நான் நிறுத்திவிட்டு, அது ஓய்ந்த பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். மகன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஓர் இடத்தில், வழுக்கி விழுந்ததாக நினைக்கிறேன் என்று இருந்தது.

"நான் நினைக்கல்ல. கண்டனான். கண்டேன் எண்டு போடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே வெட்டி எழுதினாள். அதற்குப் பிறகுதான் ஒப்பம் வைத்தேன். முழுப் பெயரும்.

அந்தத் தாளை அவள் நிலையத்துக்குப் பொறுப்பான பெரியவருக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினாள். ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டு மீன் தண்ணீரைப் பற்றி விசாரித்தார்கள். பொழுதுபடுமுன் மகனையும் ஓட்டோவையும் விட்டார்கள். நான் பின்னால் ஏற, அவன் ஓட்டோவை எடுத்தான். தோட்டத்து வாசல் வந்ததும் சொன்னான்: "அடுத்த முறை நீங்க வராதீங்க. நான் சிங்களத்திலயே வச்சிட்டு வந்துருவன்."

"வச்சுப் பார். நான் வந்து வெட்டச் சொல்லுவன்."

பீப்பாய்கள் அங்கே இல்லை.

பிறகொரு நாள் குழாயடி வீட்டுக்காரி வந்தாள். தண்ணீர்ச் சண்டை, பொலிஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், வந்து சிங்களத்தில் பேசித் தாருங்கள் அக்கா என்றாள். வருகிறேன், ஆனால் பேச மாட்டேன் என்றேன். நீ தமிழில் சொல்லு, தமிழில் எழுதக் கேள், எழுதும்வரைக்கும் நான் உன் பக்கத்தில் இருக்கிறேன்.

"நேரமாகுமே அக்கா."

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியையும் ஒரு பார்சல் சோற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டேன்.